முருகன் படத்துச் சிவப்பு பல்பு

அப்பாவின் பழைய ஜீப் இன்று காலையும் கிளம்பவில்லை. பானட்டைத் திறந்ததும் அடித்த கருகிய ஒயர் வாடை, என்னைக் கூடலூர் வீட்டு வாசலுக்கே இழுத்துப் போய்விட்டது.

என் சின்ன வயதிலும் விடிந்தால் பேட்டரி செத்திருக்கும். அந்த ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள்தான் இறங்கித் தள்ளுவார்கள்.

"ஏலே, ராத்திரி ஹாரன அடிச்சு வெளையாண்டியா?" என்று அப்பா என் முதுகில் ஒன்று வைப்பார்.

ஒருநாள் தள்ளிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கத்தியேவிட்டாள். "ஏண்ணே, புள்ளைய அடிக்கிறீகளே! வண்டிக்குள்ள முருகன் படத்துல செவப்பு பல்பு விடிய விடிய எரியுதே, தெரியலையா?"

"சாமி வெளக்க அணைக்கவா சொல்ற?"

சுவிட்சே வைக்காமல் பேட்டரியிலிருந்து அந்தப் பல்புக்கு நேராக ஒயர் இழுத்தவரே அப்பாதான். முருகன் தப்பித்தார். அடி எனக்கே தொடர்ந்தது.

இன்று அதே ஒயரை ஆத்திரத்தோடு வெட்டினேன். மங்கலாக எரிந்த பல்பு அணைந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவசரமாக முறுக்கி ஒட்டிவிட்டு, மகனைப் பார்த்துக் கத்தினேன்:

"ஏலே, ராத்திரி ஹாரன அடிச்சு வெளையாண்டியா?"