சிவப்பில் கொஞ்சம் பொன்னிறம்

போன வாரம் பேப்பரில் என் போட்டோவைப் பார்த்துவிட்டு போன் செய்த வாசகர்களுக்கு நன்றி. பாராட்டியவர்களுக்கும், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அது போராட்டம் இல்லை. பியூட்டி பார்லர்.

ஒரு வருடமாக என் தலைமுடி சிவப்பு. இந்தப் பத்தியிலேயே பீற்றிக்கொண்டிருக்கிறேன். திருவாரூரில் இருக்கும் என் கொழுந்தனார் பார்த்த அன்றைக்கே, "என்ன அண்ணி, கட்சியில சேந்துட்டீங்களா?" என்றார். எங்கள் பக்கத்தில் வேட்டிக் கரையைப் பார்த்தே ஓட்டை எண்ணிவிடுவார்கள். தலை முழுக்கச் சிவப்பு என்றால் விடுவார்களா?

எனக்கும் அலுத்துவிட்டது. நாத்தனார் மகள் கல்யாணம் வேறு வருகிறது. சிவப்புக்கு நடுவே அங்கங்கே பொன்னிறக் கீற்று... ஹைலைட்ஸ்! மயிலாடுதுறையில் எனக்கு வழக்கமாகக் கலர் போடும் நஸ்ரீனிடம் போய் உட்கார்ந்தேன். கெட்டிக்காரப் பெண். பிரஷ்ஷைத் தொடும் முன்பே கேட்டாள்.

"அக்கா, நான் போட்டுவிட்ட கலரைத் தவிர வேற ஏதாச்சும் தலைக்குப் போட்டீங்களா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

பொய் சொல்லவில்லை. சிவப்பு மங்காமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் கடை மருதாணிப் பொடியைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தேன்தான். ஆனால் மருதாணியை நம் ஊரில் யார் டை கணக்கில் சேர்க்கிறார்கள்? அது இலை. இலை என்ன செய்துவிடும்?

வெளுக்கும் கிரீமைத் தடவி, கற்றை கற்றையாக அலுமினியத் தாளில் மடித்தாள் நஸ்ரீன். பத்தே நிமிடத்தில் தலை சுட ஆரம்பித்தது. தாளைப் பிரித்தவள் "யா அல்லாஹ்!" என்றாள். கண்ணாடியைப் பார்த்தேன். பொன்னிறம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் பச்சை. சும்மா பச்சை இல்லை, நாற்றங்கால் பச்சை.

"மருதாணி வெச்சீங்களாக்கா?"

"அது... எப்பவாச்சும்..."

"கடைப் பொடியில என்னென்ன உப்பைக் கலக்குறானோ, அதுமேல ப்ளீச் பட்டா இப்படித்தான் ஆவும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இனிமே ரெண்டு வாரத்துக்கு நான் கை வைக்க மாட்டேன். வெச்சா முடி கையோட வந்துடும்."

இரண்டு வாரமா? மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு நில எடுப்பு விசாரணை!

அந்தக் கதையையும் சொல்கிறேன். சீர்காழி பக்கம் எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். நானும் என் கணவரும் ஆள் வைத்து நடுகிறோம், அறுக்கிறோம். புறவழிச்சாலைக்கு அளக்க வந்தவர்கள் அதைத் தரிசு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பயிர் நிலம் என்றால் சாலையைக் கொஞ்சம் தள்ளிப் போட வழி உண்டாம். தரிசு என்றால் நேராக எங்கள் வயல் மேல்தான்.

மூன்று வருடமாக மனு கொடுக்கிறேன். நடுவில் ஆட்சி மாறியது, ஆபீஸ் சுவரில் படம் மாறியது. அப்போது நிலம் எடுத்தவர்கள் இப்போது தெருவில் உட்கார்ந்து எதிர்க்கிறார்கள். அப்போது தெருவில் உட்கார்ந்து எதிர்த்தவர்கள் இப்போது எடுக்கிறார்கள். 'தரிசு' மட்டும் அப்படியே இருந்தது.

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போனேன். தாசில்தார் குனிந்தபடியே "அடுத்து" என்றார். இத்தனை தடவை போயும் அவருடைய உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறேன். வயலின் போட்டோக்கள், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீதுகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். மின்விசிறிக் காற்றில் முந்தானை நழுவியது.

தாசில்தார் நிமிர்ந்தார்!

"என்னம்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற விவசாயச் சங்கச் செயலாளர் முழங்கினார். "எதிர்ப்புங்கய்யா! வயலை எடுத்துக்கிட்டா பயிரை எங்க வைக்கிறது? தலையிலயா?"

எங்கள் டெல்டாவில் இது புதிதில்லை. வாயில் புல்லைக் கவ்விக்கொள்ள வேண்டும், இல்லை கழுத்துவரை மண்ணில் புதைந்துகொள்ள வேண்டும். வெறும் மனுவோடு போனால் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். வெளியே நின்ற நிருபர்கள் ஓடிவந்தார்கள். மறுநாள் பேப்பரில் — 'பச்சை முடியுடன் பெண் விவசாயி நூதனப் போராட்டம்'.

நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்து வரப்பில் இறங்கினார்கள். கதிர் பால் பிடித்து நின்றது. "அட, நெல்லு!" என்றார் ஒருவர். தரிசை அடித்துவிட்டு நெற்பயிர் என்று எழுதினார்கள். என் கணவர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதைவிட ஆத்திரம் அதிகம். மூன்று வருடம் நெல்லைக் காட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டுப்போன தலையை ஒரே ஒரு நாள் காட்டினேன், வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் கலரை மாத்திடாதீங்கம்மா" என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கும் பச்சையோடுதான் போகப் போகிறேன். நாத்தனார் இப்போதே பேச்சை நிறுத்திவிட்டார்.

நேற்று பக்கத்து வயல்காரர் செல்லப்பன் வீட்டுக்கு வந்தார். அவர் நிலத்தையும் தரிசு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவரும் மூன்று வருடமாக மனு கொடுக்கிறார். அன்றைக்கு அதிகாரிகள் நின்றதே அவருடைய வரப்பில்தான். கையிலிருந்த காகிதத்தில் அவர் பெயர் இல்லை என்பதால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக முண்டாசை அவிழ்த்தார். பேருக்கு ஒரு முடி கிடையாது.

"நாளான்னைக்கு எனக்கு விசாரணைங்கம்மா. நான் எதைக் காட்டுறது?"