கோகர்ணத்துக்கு ஒரு சின்னப் பை

தாமரைச்செல்வி நன்றாக உடுத்துவாள். காளவாசலில் ஒரு டைல்ஸ் கடையில் அவளுக்கு வரவேற்பு வேலை. வீடு கட்டுகிறவர்கள் குளியலறைக்கு நிறம் பிடிபடாமல் திணறினால் முதலாளியே, "அந்தம்மாவக் கேளுங்க, கலர் தெரிஞ்ச ஆளு" என்று அவளிடம் அனுப்பிவைப்பார். விலை குறைந்த காட்டன் புடவைகள்தான் கட்டுவாள். ஆனால் சாம்பல் நிறப் புடவைக்கு யாரும் நினைக்காத ஒரு மஞ்சள் ரவிக்கை போட்டு வருவாள். அன்று முழுக்கக் கடையில் அதுதான் பேச்சாக இருக்கும்.

நாற்பத்தி இரண்டு வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் இடது கையில் நீர் கோத்து வீங்கலாம் என்றும், அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் அசோக்குமார், கையை நீவிவிடும் முறையை அங்கிருந்த நர்ஸிடம் கற்றுக்கொண்டார். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதுதான் அவருக்கு முதல் வேலை.

சொந்த ஊரான கொட்டாம்பட்டியில் இருந்து வந்து கூடவே இருந்து பார்த்தவள் அம்மா ரெங்கம்மாள். ஊருக்குக் கிளம்பும்போது மகளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஊர்ல கர்ப்பப்பை ஆபரேசன்னு சொல்லிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லு."

"ஏம்மா?"

"ஒந்தம்பி மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம்ல. குடும்பத்துல இந்த நோயின்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

தம்பி அருள்பாண்டியின் மகள் பவதாரிணியைத் தூக்கி வளர்த்தவள் தாமரை. அதனால் சரி என்றாள். மருந்து ஏற்றியதில் கொட்டிய தலைமுடி திரும்ப வளர்ந்து வேலைக்குப் போனபோது புடவையை விட்டுவிட்டுத் தொளதொளவென்ற சுடிதாருக்கு மாறியிருந்தாள். மேலே அகலமான ஒரு துப்பட்டா. உள்ளே, பஞ்சு வைத்துத் தைத்த திண்டு ஒன்று. யாராவது எதிரே வந்தால் கை தானாகத் துப்பட்டாவை இழுத்துவிடும். கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறமும் கேட்கவில்லை.

கடையில் கணக்குப் பார்க்கும் தீப்தி, சில தோழிகளோடு சேர்ந்து பெண்களை மட்டும் ஊர் சுற்றக் கூட்டிப்போவாள். தை மாதம் கோகர்ணத்துக்குப் போவதாக இருந்தது. இரண்டு ரயில் மாற வேண்டும், அங்கே கடற்கரை கடற்கரையாக நடக்க வேண்டும், அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். தாமரை பேர் கொடுத்ததும் தீப்திக்கே ஆச்சரியம். ஏன் கொடுத்தோம் என்று தாமரைக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி, வீடு, கடை தவிர இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அசோக்குமார் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கை வீங்குச்சுன்னா அங்க யாரு நீவி விடுவா?" என்று மட்டும் கேட்டார். டாக்டரைக் கேட்டார்கள். கைக்கு இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு, கனமில்லாத பையாக இருந்தால் போகலாம் என்றார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பையைப் பார்க்க தீப்தி விளாங்குடியில் இருந்த தாமரையின் வீட்டுக்கு வந்தாள். பை வாய் மூட முடியாமல் கட்டிலில் கிடந்தது. தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, வீடு மாத்திப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டே உள்ளே இருந்ததை எடுத்து வைத்தாள். ஒரு துப்பட்டா, இன்னொன்று, இன்னொன்று. முழங்கால் வரை வரும் சுடிதார்கள். ஒரு ஸ்வெட்டர்.

"கடற்கரைக்கு எதுக்குக்கா ஸ்வெட்டரு? இம்புட்டுத் துப்பட்டாவும் எதுக்கு?"

தாமரை அவள் கையில் இருந்த துணியை வெடுக்கென்று பிடுங்கினாள். "வை. நான் வரல. என் பேர எடுத்துரு."

தீப்தி மிரண்டுபோனாள். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. சற்று நேரம் கழித்துத் தாமரையே எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பப்பை இல்லை, இது. துப்பட்டா எதற்கு, ஸ்வெட்டர் எதற்கு. குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தீப்தி ஆறுதல் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிக்கா. மறைக்கிறதுக்கு எம்புட்டு வேணும்னு மட்டும் பாப்போம். இம்புட்டும் வேணாம்" என்றாள்.

இரண்டு பேரும் அலமாரியைத் திறந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சொல்கிற ஆள் தாமரையாகிவிட்டாள். கருநீலத்தில் ஒரு பேண்ட், மண் நிறத்தில் ஒன்று. செங்கல் நிறச் சட்டை, கரும்பச்சைச் சட்டை, சின்னக் கட்டம் போட்ட வெள்ளைச் சட்டை. எந்தச் சட்டையும் எந்தப் பேண்டுக்கும் பொருந்தும். துணி கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும், நெஞ்சில் பெரிய சட்டைப்பையும் மடிப்பும் இருந்தால் பார்க்கிறவர் கண் அதிலேயே நின்றுவிடும், உள்ளே இருப்பது தெரியாது. துப்பட்டாக்களுக்குப் பதிலாக ஒரே ஒரு சுங்குடித் துண்டு. கழுத்தில் போடலாம், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், ரயிலில் போர்த்திக்கொள்ளலாம். சாயங்காலம் அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். கனமான செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு லேசானதைப் பையில் வைத்தார்கள். ஒரு ஜோடி வெள்ளி ஜிமிக்கி. தீப்தி தன்னுடைய இடுப்பு வார் வைத்த பையைக் கொடுத்தாள், கனம் தோளில் ஏறாமல் இடுப்பில் உட்காரும். தாமரை அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அசோக்குமார் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ரயில் ஏறும்வரை அவர் பையைக் கையிலேயே வைத்திருந்தார். "வீங்குச்சுன்னா மறைக்காமச் சொல்லு" என்றார்.

கோகர்ணத்தில் எல்லாருக்கும் ஒரே அறை, அடுக்குக் கட்டில்கள். தாமரை குளியலறையில்தான் உடை மாற்றினாள். மறுநாள் பாறையில் ஏறி இறங்கி நாள் முழுக்க நடந்தார்கள். வேர்வையும் உப்புத் தண்ணீரும் ஊறிய பஞ்சுத் திண்டு தையல் தழும்பை அறுத்துவிட்டது. சாயங்காலம் கழற்றிப் பார்த்தபோது தோல் சிவந்து உரிந்திருந்தது. காலையில் அதைத் திரும்ப வைக்க முடியவில்லை.

குளியலறைக்குள்ளேயே வெகுநேரம் நின்றாள். பிறகு செங்கல் நிறச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். திருமங்கலத்தில் இருந்து வந்திருந்த ஒரு டீச்சர் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார். மற்றவர்கள் இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஒரு பாறைமேல் தீப்தி அவளைப் படம் எடுத்தாள். காற்று சட்டையை உடம்போடு ஒட்ட அழுத்தியிருந்தது. ஒரு பக்கம் தட்டையாக இருப்பது அப்படியே தெரிந்தது. ஜிமிக்கி, தலையில் சுங்குடித் துண்டு, பின்னால் கடல். தாமரைக்குத் தன் முகம் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். கொட்டாம்பட்டி ஆட்கள் பார்ப்பார்களே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியும் போட்டாள்.

முதலில் அசோக்குமார் கூப்பிட்டார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மத்தியானம் அம்மா கூப்பிட்டாள்.

"ஏண்டி, ஒனக்குக் கூறு இருக்கா? ஊரு பூராம் கேக்குறாளுக, ஒம்மகளுக்கு என்ன ஆபரேசன்னு. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"உள்ளதச் சொல்லும்மா."

"உள்ளதச் சொன்னா நாளைக்கு அந்தப் பிள்ளைய எவன் கட்டுவான்? நீ வாழ்ந்து முடிச்சிட்ட. அவ இனிமேத்தான வாழணும்!"

அம்மா அழுதாள். தாமரை படத்தை எடுத்துவிட்டாள். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்து முடித்திருந்தார்கள். மிச்ச நாட்களில் அவள் எல்லாரோடும் நடந்தாள், சாப்பிட்டாள். கடல் அவள் கண்ணில் படவே இல்லை. கையும் லேசாக வீங்கியது.

ஊருக்கு வந்த பிறகு நடந்தது அம்மா பயந்தபடியேதான். பவதாரிணிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொள்ளவில்லை. "பாப்போம்" என்றார்கள், அதோடு அவர்களிடம் இருந்து போன் நின்றுபோனது. அருள்பாண்டி அக்காவிடம் பேசுவதை விட்டான். அம்மாவும் விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள் தாமரை. "ஒரு படம். அத அங்கேயே பாத்துட்டு வச்சிருக்கக் கூடாதாங்க நானு?" என்று கேட்பாள். அவர் அவள் இடது கையை எடுத்து நீவத் தொடங்குவார்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து பவதாரிணி தனியாக பஸ் ஏறி விளாங்குடிக்கு வந்தாள். மேலூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிற பெண். தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாமரை தானே முந்திக்கொண்டு, "ஓங் கல்யாணத்த நாந்தான் கெடுத்தேன்" என்றாள்.

"அதுக்கு வரல அத்தை." துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கும் வருமா? வீட்ல யாருமே என்கிட்ட சொல்லல. கர்ப்பப்பைன்னுதான் நானும் நெனச்சிருந்தேன்."

பொய் வாய் வரை வந்தது. "தெரியலம்மா" என்றாள் தாமரை. "வரணும்னு இல்ல. ஆனா பாத்துக்கிரணும். நான் கூட வாரேன்."

வாரக் கடைசியில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் குடும்ப விவரம் எல்லாம் கேட்டார், சோதித்துப் பார்த்தார், ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். இப்போது ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும், எந்த மாற்றம் தெரிந்தாலும் உடனே வர வேண்டும் என்றார். வெளியே வந்து பவதாரிணி சுவரோரம் நின்று அழுதாள். தாமரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, பேச்சை விட்ட பிறகு முதல் தடவையாக, அம்மாவின் எண்ணில் இருந்து போன் வந்தது. பவதாரிணி சொல்லியிருப்பாள். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னாக?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாகம்மா. வருசா வருசம் காட்டணும்."

அந்தப் பக்கம் ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டது.

"சரி, வைக்கிறேன்" என்றாள் அம்மா.