அப்பா வைத்த நெருப்பு

அந்தியூருக்கு வடக்கே, மலை தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அப்பா வனத்துறையில் கார்டு. எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு தை மாதம் அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசினார். காட்டுக்கு நெருப்பு வைக்கிறவன் மனிதனே இல்லை என்றார். எங்கே புகை தெரிந்தாலும் ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினோம். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் தட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா தூக்குப்போசியில் கம்மங்கூழ் ஊற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். காட்டோரம் போனால், அப்பாவின் கையில் தீப்பந்தம். காய்ந்த புல்லுக்கு வரிசையாக நெருப்பு வைத்துக்கொண்டே போகிறார். பின்னால் அவரோடு வேலை செய்யும் வனக்காவல் வாச்சர்கள் இரண்டு பேர் பச்சைத் தழையைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசி வருகிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போசியை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினேன். யார் வைத்தது என்பதை மட்டும் சொல்வதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதல் வீடு ஆட்டுக்கார அத்தையுடையது. காட்டுக்குள் மேய்ந்தன என்று அவருடைய ஆடுகளை அப்பா போன வாரம்தான் பிடித்து அடைத்திருந்தார். அதிலிருந்து அத்தை எங்களோடு பேசுவதில்லை. அப்பாவின் சைக்கிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அத்தை, காடு எரியுதுங்க!"

"எந்தப் பக்கம் கண்ணு?" என்றவர், பதிலுக்குக்கூடக் காத்திராமல் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். குடமும் நனைத்த சாக்குமாக முப்பது பேர் ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் நான்.

"ஏனுங்க, நில்லுங்க" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அத்தையின் குடம் கவிழ்ந்தது. விடியற்காலையிலிருந்து அப்பா பார்த்துப் பார்த்து நகர்த்தி வந்த நெருப்பு ஐந்து நிமிடத்தில் அணைந்துபோனது. அப்பாவும் தொப்பலாக நனைந்திருந்தார்.

"அணைச்சுப்போட்டோமுங்க" என்று மூச்சு வாங்கியபடி சொன்ன அத்தை, அப்போதுதான் அப்பாவின் கையிலிருந்த பந்தத்தைப் பார்த்தார்.

"இது ஃபயர் லைனுங்க. பனி ஈரம் இருக்கறப்பவே ஓரத்துப் புல்லை எரிச்சுப்போட்டா, சித்திரையில நெருப்பு வந்தாலும் இதைத் தாண்டி உள்ள போகாதுங்க" என்றார் அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே.

அத்தை காலிக் குடத்தையும் நனைந்து நின்ற அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அத்தை சிரித்தார். ஊரே சிரித்தது.

வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ஆளுக்கொரு தழையை ஒடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்; அப்பா மறுபடி புல்லுக்கு நெருப்பு வைத்தார். நடுவில் ஒருமுறை காற்று சுழன்று, நெருப்பு காட்டுக்குள் ஒரு புதருக்குத் தாவியது. பத்துப் பேர் விழுந்தடித்துப்போய் அதை அடித்து அணைத்தார்கள். மூன்று பேராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா வாச்சர்களிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு நாள் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தது.

"முன்னாலயே எங்க ஆடுகளை இந்த ஓரத்துப் பட்டையில வுட்டிருந்தீங்கன்னா, பாதிப் புல்லை மேஞ்சு மொட்டை அடிச்சிருக்குமுங்க" என்றார் அத்தை.

அப்பா சிரிக்கப்போனவர், கரிந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரேஞ்சர்கிட்டக் கேட்டுப் பாக்கறனுங்க." அடுத்த மார்கழியில் அந்த ஆடுகள் அங்கே மேய்ந்தன. அப்பாவே காவலுக்கு நின்றார்.

அன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது, யார் போய்ச் சொன்னது என்று அப்பா கேட்டார்; முப்பது விரல்களும் என்னைக் காட்டின. "நீங்கதானுங்கப்பா சொல்லச் சொன்னீங்க" என்றேன். கரி படிந்த கைகளால் என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

அவர் தோள்மேல் ஊருக்குள் வரும்போது எனக்குப் பெருமை தாளவில்லை. எங்கள் காட்டைக் காப்பாற்ற இத்தனை பேர் வந்தார்களே என்று, ஒவ்வொருவருக்கும் மேலேயிருந்து நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். காடு அப்பாவுடையது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்திருந்தேன்.