ஏர்பேக் மூடியில் ஒட்டிய பிள்ளையார்

காரின் டேஷ்போர்டை வீட்டிலேயே சரிசெய்யப் போகிறேன் என்றதும் என் மனைவி, "எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? கேரேஜ்காரன்கிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல முடிச்சிடுவான்" என்றாள். தொழிற்சாலையின் வார லீவான வியாழக்கிழமையில் பொழுது போக வேண்டாமா என்று சமாளித்தேன். உண்மைக் காரணம் வேறு. விபத்தில் கிழிந்து தொங்கிய ஏர்பேக் மூடியின் ஓரத்தில் ஒரு பசைக்கறை இருந்தது. இங்கே என்ன ஒட்டியிருந்தது என்று எந்த மெக்கானிக்கும் கேட்பான். அவள் காதுபடக் கேட்டுவிட்டால் நான் தொலைந்தேன்.

அங்கே ஒட்டியிருந்தது பிள்ளையார். பித்தளை, கட்டைவிரல் உயரம், நல்ல கனம். இந்தக் காரைப் பழையதாக நாங்கள் வாங்கிய வாரத்தில் என் மனைவி கடைத்தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தது. "நடுவுல வைங்க" என்றுதான் சொன்னாள். நடுவில் ஏசி ஜன்னல்கள், சமமான இடமே இல்லை. இடது பக்கம் உட்காருபவருக்கு எதிரே மட்டும் தட்டையாக இருந்தது. அங்கே டேப் போட்டு ஒட்டினேன். புனேயின் ஏப்ரல் வெயிலில் டேப் இளகி, பிள்ளையார் இரண்டு முறை காலடியில் விழுந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரும்போடு இரும்பை ஒட்டும் பசையைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தேன். பசை பிடிக்க வேண்டுமென்றால் பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். அந்தத் தட்டையான இடம்தான் ஏர்பேக் மூடி; அதன் மேல் 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து போட்டிருந்தது. அந்த எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒட்டினேன்.

ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் எனக்கு வேலையே தரம் பார்ப்பதுதான். எங்கள் லைனில் ஒருவன் இப்படி ஓர் எச்சரிக்கையைத் தேய்த்து அழித்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒருநாள் மகர்பட்டா தாண்டி ஒரு சிக்னலில், முன்னால் போன டெம்போ சட்டென்று நின்றது. மோதிவிட்டேன். பெரிய வேகம்கூட இல்லை. ஏர்பேக் இரண்டும் வெடித்துத் திறந்தன. எனக்கு மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு. பக்கத்தில் இருந்த என் மகளுக்கு, காலேஜில் இரண்டாம் வருஷம் படிப்பவளுக்கு, வலது கண் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்றபடியே டாக்டர் தணிந்த குரலில் இந்தியில் கேட்டார். இது கண்ணாடி குத்திய காயம் இல்லை, உலோகம் ஏதோ வேகமாக வந்து அடித்திருக்கிறது, டேஷ்போர்டில் சாமி சிலை வைத்திருந்தீர்களா என்றார். தலையாட்டினேன். மகள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவள் திரும்பி வந்ததும், முன் கண்ணாடி உடைந்து குத்திவிட்டது என்று சொன்னேன். கண்ணாடி உடைந்ததும் நிஜம்தானே.

வண்டியில் கிடந்த சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் பிள்ளையாரும் இருந்தார். "ஒரு கீறல்கூட இல்லைங்க. இவர்தான் நம்ம பொண்ணு உசிரைக் காப்பாத்தியிருக்காரு" என்று என் மனைவி அவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். தலைப்பாகையா அது? யாரையும் அறைய முடியாமல் டீ கொண்டுவந்து கொடுத்தேன். காரை விற்றுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சாமி காப்பாற்றின வண்டியை விற்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் வாங்கி வந்த சிலை என்று தெரிந்தால் தாங்கமாட்டாள், அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். நடுவில் வைக்கச் சொன்னதை அங்கே ஏன் ஒட்டினீர்கள் என்று அவள் கேட்பாள். அதற்குத்தான் பயந்தேன்.

டேஷ்போர்டை முழுதாகக் கழற்றி ஹாலில் பாய் விரித்துப் போட்டேன். மூடியின் கிழிசலைச் சேர்த்துப் பிடித்து, பின்பக்கம் துணி வைத்து ரெசின் பூசி அடைத்தேன். உள்ளே புது ஏர்பேக் வைக்கவில்லை. அதற்குக் கார் கம்பெனிக்காரனிடம் போக வேண்டும், போனால் மூடியைக் காட்ட வேண்டும். மேலே பட்டி வைத்துத் தேய்த்தேன். காய்ந்ததும் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. நாலு வியாழக்கிழமை போயிற்று. ஒருநாள் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போய், பசைக்கறை இருந்த இடத்தில் நிறுத்தினாள். "அப்பா, இங்க இன்னும் கொஞ்சம் மேடா இருக்கு" என்றாள். அந்த இடத்தை மறுபடி தேய்த்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்த பிறகு ஒன்றுமே தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

டேஷ்போர்டை மறுபடி வண்டியில் மாட்டிய அன்று காலை, என் மனைவி பூஜைத் தட்டோடு பார்க்கிங்குக்கு வந்தாள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். மகளை இடது பக்க சீட்டில் உட்காரச் சொன்னாள். நான் ஸ்டியரிங் முன்னால் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பிள்ளையாரை மகள் கையில் கொடுத்தாள்.

"புளி போட்டுத் தேய்ச்சேன். அடியில மட்டும் கறுப்பா என்னமோ ஒட்டிக்கிட்டு போகவே மாட்டேங்குது. அதே இடத்துல ஒட்டிடுங்க."

"வேணாம். வீட்ல சாமி ரூம்ல வெச்சுக்கலாம்" என்றேன்.

"என்ன பேசறீங்க நீங்க? இவர் இல்லேன்னா நம்ம பொண்ணு இருந்திருப்பாளா?"

மகள் சிலையைக் கவிழ்த்து, அடியில் இருந்த கறுப்பை நகத்தால் சுரண்டினாள். அது மூடியிலிருந்து பிய்ந்து வந்த பிளாஸ்டிக். பிறகு சிலையை நிமிர்த்தி, புதுப் பெயின்ட்டின் மேல் சரியாக அதே இடத்தில் வைத்தாள்.

"ஒட்டுங்க அப்பா. இப்போ உள்ள ஏர்பேக் இல்லல்ல. இனிமே பறந்து வராது."

"என்னடி பறந்து வராது?" என்றாள் என் மனைவி.

மகள் என்னிடம் மட்டும், "ஹாஸ்பிடல்ல நான் தூங்கல அப்பா" என்றாள்.

என் மனைவியிடம் சொன்னேன். டாக்டர் கேட்டது, நான் தலையாட்டியது, கண்ணாடி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும். என் மனைவி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது.

"நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றாள் கடைசியில்.

இத்தனை நாளாக நான் எதற்குப் பின்னால் ஒளிந்திருந்தேனோ, அதை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவளிடமே தங்கிவிடும். அந்த ஒரு நிமிஷம் நான் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"நீ நடுவுல வைக்கச் சொன்ன. அங்க ஒட்டினது நான். ஏர்பேக்னு எழுதியிருந்தத தேய்ச்சிட்டு ஒட்டினேன்."

மகளுக்கு டாக்டர் கேட்டதுதான் தெரியும். எழுத்தைத் தேய்த்தது தெரியாது. வலது பக்கம் இருக்கும் என்னைப் பார்க்க அவள் இப்போதெல்லாம் முகம் முழுவதையும் திருப்ப வேண்டும். திருப்பினாள்.