கதை அடுக்கில் இருந்த புராணம்

எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், அந்தப் புராணத்தின் ஆறு பாகங்களும் கதை அடுக்கில்தான் இருந்தன. ஒரு பக்கம் துப்பறியும் நாவல், மறுபக்கம் பேய்க்கதைத் தொகுப்பு, நடுவில் தேவர்களும் அசுரர்களும். பச்சைத் துணி அட்டை, முதுகில் பாதி அழிந்த பொன்னெழுத்து. பாறசாலைக்கும் குளத்தூருக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊர் வாயனசாலையில் மலையாளப் புத்தகங்களே அதிகம். ஓரமாக ஒதுங்கி நிற்கும் தமிழ்ப் புத்தகங்களில் கைபட்டு நைந்துபோனவை இந்த ஆறும்தான். அவற்றை அங்கே வைத்தவர் லைப்ரேரியன் சேச்சி.

போன மாதம் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பதிய ஒரு பெண் வந்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், இப்போது வாயனசாலைக்கு செக்ரட்டரி. பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டி, "சார், இது ஃபிக்ஷனா, நான்ஃபிக்ஷனா? ரெண்டில ஒண்ணு அமுக்காம அடுத்த பக்கம் போவாது" என்றாள். வாழ்நாளெல்லாம் இலக்கியம் பேசிச் சம்பளம் வாங்கிய எனக்கே சேச்சிக்கு போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது. அவர் இங்கிருந்து போய் சில வருஷங்கள் ஆகின்றன. கோட்டுகாலில் மகள் வீட்டில் இருக்கிறார்.

அடுக்குவதில் சேச்சிக்கு ஒரே சட்டம்தான். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார், அதை எடுத்துப்போகிறவர் எதற்காக எடுத்துப்போகிறார் என்று பார்ப்பார். குளித்து விளக்கேற்றிப் படிக்கிற புத்தகம் மத அடுக்குக்குப் போகும். பரீட்சைக்குப் படிப்பது சரித்திரத்துக்கு. அடுக்களையில் கறி அடிப்பிடிப்பது தெரியாமல் படிப்பது கதை. அதனால் கிறிஸ்தவ வேதப்புத்தகத்தின் பெரிய பிரதி மத அடுக்கிலும், படம் போட்ட பிரதி கதை அடுக்கிலும் இருந்தன. இந்த முறையை எந்த நூலகப் படிப்பிலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

சேச்சியின் கணவர் நெய்யாற்றின்கரை டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். கட்சிக்காரர். கோயில் வாசலில் பஸ் கொஞ்சம் கூடுதலாக நின்றால்கூட விசிலை ஊதித் தள்ளிவிடுவார். சாமிக் கதை எல்லாம் "கெட்டுகதையாக்கும்" என்பார், அதாவது யாரோ கட்டிவிட்டது. அவருக்கு இரண்டு தம்பிகள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஒரு நடைவழித் தகராறில் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றபின் ஒருநாள் அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணி, வலது பக்கம் விழுந்துவிட்டது. ஊரே போய்ப் பார்த்தது, தம்பிகள் வரவில்லை. படுத்த இடத்திலிருந்து அவர் மனைவியிடம் கேட்டது அந்தப் புராணத்தைத்தான். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் காதில் விழவேண்டும் என்றாராம். சேச்சி தினமும் சாயங்காலம் ஒரு பாகத்தைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். தன் சொந்தத் தம்பிமாருக்கு எதிராகவே யுத்தத்தில் நிற்கப்போகிற ஒரு மூத்தவன் அந்தக் கதையில் உண்டு. அவன் வரும் இடங்களை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொல்வார் என்று சேச்சி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த மனிதருக்கு நாள் என்று ஒன்று மிச்சம் இருந்ததென்றால் அது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்த வருஷம் பூஜவைப்பு வந்தது. நவராத்திரியில் புத்தகங்களை சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டால் விஜயதசமி வரை ஒருவரும் ஓரெழுத்துப் படிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். வாயனசாலையில் அதை வெகு கறாராகச் செய்வோம். ஒரு தடவை வாசல் சாவியையும் சேர்த்துப் பூஜைக்கு வைத்துவிட்டோம். வைத்ததை எடுக்கக்கூடாதே! விஜயதசமி வரை கட்டடம் திறந்தே கிடந்தது. இந்தத் தடவை எங்கள் பிரசிடெண்ட் ஐயா படத்துக்கு முன்னால் முதலில் புராணம்தான் இருக்கவேண்டும் என்று மத அடுக்கில் தேடினார். காணோம். கடைசியில் பேய்க்கதைக்குப் பக்கத்தில் ஐந்து பாகங்களைக் கண்டுபிடித்தார். மிச்சம் ஒன்று எங்கே என்றால், சேச்சி வீட்டில், கட்டிலுக்கடியில், கஷாயக் குப்பிக்குப் பக்கத்தில்.

ஐயா பழைய சைவக் குடும்பம். ராஜா காலத்தில் சர்க்கார் கணக்கு எழுதியவர்களின் வழி. நல்ல மனிதர்தான், ஆனால் அன்று ஆடிப்போய்விட்டார். கமிட்டி கூடியது.

"தெய்வத்தக் கொண்டுபோயி பேயிக்கு பக்கத்தில வச்சிருக்கு. இது நடந்த காரியமாக்கும். சரித்திரத்தில வைக்கணும்" என்றார்.

எங்கள் கமிட்டியில் இருந்த சர்ச் உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "அது சரித்திரம் எண்ணா எங்க வேதமும் சரித்திரந்தான் ஐயா. ரெண்டையும் ஒண்ணிச்சு வைக்கணும்."

சரித்திர அடுக்கு மொத்தமே ஒரு முழம். அதில் ஏற்கெனவே ராஜாக்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். வாக்குவாதம் முற்றியபோது ஐயா ஒரு வழி சொன்னார். காலமான தன் அப்பாவின் பேரில் ஒரு கண்ணாடி அலமாரி வாங்கித் தருகிறேன், எல்லா மதத்துப் புத்தகங்களும் அதில் மரியாதையாக இருக்கட்டும், பூட்டு போடுவோம், வெளியே கொடுக்கவேண்டாம், வேண்டியவர்கள் இங்கேயே நின்று படிக்கட்டும் என்றார். செத்தவர் பேரில் வருகிற அலமாரியை எங்கள் ஊரில் எவன் வேண்டாம் என்பான்? சேச்சியின் வீட்டுக்கு மட்டும் கொடுத்தனுப்பலாமே என்று நான் கேட்டேன். "ஆளுக்கொரு நியமம் உண்டா சார்?" என்று ஐயா சேச்சியைப் பார்த்தார். சம்பளத்துக்கு இருக்கிறவர் என்ன சொல்வார்? "இல்ல ஐயா" என்றார் சேச்சி. மறுநாள் அந்தப் பாகமும் வந்து சேர்ந்தது.

அதன்பிறகு மத்தியான வேளையில் சேச்சி அலமாரியைத் திறந்து, சோற்றுப் பொதியைப் பிரிக்காமல், நின்றபடியே படிப்பதைப் பார்த்திருக்கிறேன். உதடு அசையும். படித்ததை மனசில் ஏற்றிக்கொண்டுபோய் சாயங்காலம் கணவருக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. யுத்தம் வருகிற கடைசிப் பாகத்தை எடுக்கவேண்டிய சமயத்தில் அவர் அலமாரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கணவருக்கு நினைவு தப்பிவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவர் இறந்தும் போனார்.

போனில் சேச்சியின் குரல் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

"அத இப்பளும் பூட்டித்தான் வச்சிருக்கா சார்?"

"ஆமா சேச்சி."

"பின்னே எதில போட்டா என்ன?" என்றார். சிரிக்கவில்லை.

அவர் கோபம் நியாயம்தான். பேச்சை மாற்ற நினைத்து, கடைசிப் பாகத்தை ஏன் அன்றைக்குப் படிக்கவில்லை என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"அதில அந்த மூத்தவன் செத்துப்போவான்லா சார். அதுவும் தம்பி கையால. நான் எப்பிடி அத வாயிச்சிட்டுப் போயி அவருக்க முகத்தப் பாத்து சொல்லுவேன்? நானே ஒண்ணு கெட்டிச் சொன்னேன். சண்டைக்கு மொதநாளு தம்பிமாரு வந்து, அண்ணா எண்ணு விளிச்சு, கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு எண்ணு."

"அவருக்குக் கதை தெரியாதா சேச்சி? ஊருக்கே தெரிஞ்ச கதையாச்சே."

"தெரியாதா பின்னே? எனக்கு பயந்தான், கெட்டுகத சொல்லுதியாடி எண்ணு கேப்பாரு எண்ணு. ஒண்ணும் கேக்கல்ல. வேலிப் பக்கத்துச் சன்னல பாத்துட்டுக் கெடந்தாரு. பின்னே அந்தக் கோணின வாய வச்சு, மெள்ளச் சொன்னாரு: 'ஆமா, அப்பிடித்தான் நடந்துது.'"