பூக்கார அக்கா கட்டிய கம்பிவலை

மேடவாக்கம் சிக்னலில் நின்றிருந்தேன். கேஸ் கட்டரில் இரும்பு கருகும் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனையோடு எப்போதும் மல்லிகையும் சேர்ந்தே வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எட்டிப் பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் கட்டிய மார்க்கெட் ஷெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டினேன்.

என் முதல் வேலை அது. இன்ஜினியர் என்று ஊருக்கே தெரியவேண்டும் என்பதற்காக டீக்கடைக்குக்கூட ஹெல்மெட்டோடு போவேன். ஷெட்டுக்கு இரும்புத் தூண்கள். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். அடி துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொரு தூணின் பாதத்தைச் சுற்றியும் உட்காரும் உயரத்துக்குக் கான்கிரீட் போடவேண்டும். கூரையைத் தாங்குவது தூண்தான். கான்கிரீட் வெறும் போர்வை.

அதனால் ஷெட் முதலாளி, "லோடே இல்லாத எடத்துக்குக் கம்பி எதுக்கு?" என்றார். உள்ளே கம்பிவலை இல்லாவிட்டால் வெடித்துப் பெயர்ந்துவிடும் என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

வாசல் தூணடியைப் பூ விற்கக் கலா அக்காவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது பூக்கடையைப் பறிகொடுத்தவர். ஆனால் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுப்பதும் அங்கேதான். கான்கிரீட் உடைந்தால் கடை கிடையாது, சுற்றிக் கிராதி போட்டு அடைத்துவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

கம்பி கட்டுபவர் ஊருக்குப் போயிருந்த ஒருநாள், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அக்காவே வலையைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டு முடித்திருந்தார். பூச்சரம் மாதிரி நெருக்க நெருக்கமாக, தூணை ஒட்டி இறுக்கி. "கேப் வுட்டா சரம் தொங்கிப்பூடும் சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வலை தூணோடு ஒட்டக்கூடாது, நடுவில் கான்கிரீட் இறங்கினால்தான் பிடிக்கும் என்றேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. "ஒடையாம இருந்தா போதும் சார். எனக்கு இந்த எடத்த வுட்டா வேற இல்ல."

இருவருமாக முடிச்சுகளை வெட்டி, இடையில் ஜல்லியைச் சொருகி, தளர்த்திக் கட்டினோம். மேல் மூலையில் ஒன்றை மட்டும் அவர் வெட்டவிடவில்லை. "மொத கண்ணி சாமிக்கு. அத வெட்டாத சார்."

அதன் பிறகு லாரிகள் எத்தனையோ முறை இடித்தன. கீறல் விழுந்தது, பெயரவில்லை. அக்கா அதன்மேல் உட்கார்ந்துதான் பூ கட்டினார். நான் அந்தப் பக்கம் போனால் ஒரு முழம் மல்லிகை பையில் திணிக்காமல் விடமாட்டார். பிறகு வேலை என்னை வேறு ஊர்களுக்கு இழுத்துப்போனது.

இன்று தூணை வெட்டி எடுத்துவிட்டார்கள். பாதம் மட்டும் நிற்கிறது. இயந்திரம் இடிக்க இடிக்கக் கான்கிரீட் நொறுங்குகிறதே தவிர, விழமாட்டேன் என்கிறது. வலை பிடித்திருக்கிறது.

இயந்திரம் ஓட்டியவரை நிறுத்தச் சொல்லி, இங்கே பூ விற்ற அக்கா எங்கே என்று கேட்டேன்.

"பூக்கடையா? நாங்க வர்றப்பவே எல்லாம் காலி சார்."

கிட்டே போய்க் குனிந்தேன். மேல் மூலையில், துருவேறி, அந்த முதல் கண்ணி அவிழாமல் இருந்தது. நீங்கள் கட்டியது உடையவே இல்லை அக்கா என்று சொல்லவேண்டும் போலிருந்தது. கேட்க அவர் இல்லை.