காலைக் காட்சிக்கு ஆள் இல்லை

அலுவலகத்தில் அவனைச் சிக்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கட்டிடத்தில் யாருடைய கணினியில் இணையம் நின்றாலும் அவன் பெயர்தான் முதலில் அடிபடும். வருவான், மேஜைக்கடியில் குனிவான், ஒரு வயரைப் பிடுங்கிச் செருகுவான். சரியாகிவிடும். பக்கத்து மேஜைக் கணக்காளர், "கை பட்டாலே குணமாகுதப்பா, ஊதுபத்தி ஏத்தணும் உனக்கு" என்பார். இந்தப் பேச்செல்லாம் அவனுக்குப் பிடிக்கும். பிடிக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

வீட்டில் மாமனார் இருந்தார். சினிமா தியேட்டர் வாசலில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போனபிறகு மகளோடு வந்துவிட்டார். பேச்சு குழறும், ஆனால் நிற்காது. மகள் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையில் கணவன் மனைவி இருவரும் கிளம்பிவிட்டால், மதியம் அவள் திரும்பும்வரை அவர் தனியாகக் கிடக்க வேண்டும்.

"பேசாம ஒரு ஆளைப் போட்டுடலாமாங்க?" என்று அவள் கேட்டபோது அவன் சிரித்தான்.

"ஆளு எதுக்கு? நான் இருக்கேன்ல."

அலமாரி மேல் ஒரு கேமராவை வைத்தான். அலுவலக நாற்காலியில் இருந்தபடியே மாமனாரின் கட்டிலையும், அவருடைய இடது கைக்கு எட்டும்படி ஸ்டூலில் வைத்திருந்த தண்ணீர்க் குவளையையும் பார்க்க முடிந்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கேமராவின் நெற்றியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். மாமனாருக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. மாலையில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்ளே, இன்னைக்குக் காலைக் காட்சி ஹவுஸ்ஃபுல்லா?"

"ஒரே ஒரு ஆளுதான் மாமா. ஆனா பால்கனி டிக்கெட்டு."

"இடைவேளைக்கு முன்னாடி ஒரு கொட்டாவி விட்டேனே, பாத்தீங்களா? நடிப்புன்னா அது நடிப்பு."

அவள் சமையலறையிலிருந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்டால் அவனுக்கு அன்றைய களைப்பு போய்விடும்.

பிறகு இணையக் கம்பெனிக்காரர்கள், கருவிகள் ஒன்றையொன்று தேடிப்பிடிக்க உதவும் எண் முகவரிகளை மாற்றினார்கள். பழைய வகை முகவரிகள் தீர்ந்து போய்விட்டன என்பது அவனுக்குத் தெரிந்த சங்கதிதான். இனி அந்தத் தெருவுக்கே சேர்த்துப் பழைய முகவரி ஒன்று. அதை வைத்து வீட்டிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து இன்ன வீடு என்று தேடி வர முடியாது. அப்படி வருவதற்கு வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் நீளமாக ஒரு புது முகவரி கொடுத்திருந்தார்கள். அன்று காலை அலுவலகத்தில் கேமராவைத் திறந்தான். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

"ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டீங்களா சார்?"

"நானும் இதே தொழில்தாம்மா."

"ரொம்ப சந்தோஷம் சார். அணைச்சுப் போட்டீங்களா?"

அன்று மாலை ரூட்டரில் கேமராவுக்கு மட்டும் புது முகவரியில் வழி விட்டான். கைப்பேசியோடு தெருமுனைக்குப் போய்த் திறந்து பார்த்தான். மாமனார் தெரிந்தார். மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "முடிஞ்சுது" என்று மனைவியிடம் சொன்னான்.

மறுநாள் அலுவலகக் கணினியில் அதே வட்டம்.

காரணம் உடனே புரிந்துவிட்டது. அதுதான் சங்கடம். கைப்பேசிக் கம்பெனிக்குப் புது முகவரிகள் தெரியும். அவன் அலுவலகத்துக்குத் தெரியாது. தெரியாதபடி செய்து வைத்தவனே அவன்தான். முன்பு ஒருமுறை அங்கே புது முகவரி வசதியைப் போட்டுப் பார்த்தபோது பிரிண்டர்கள் மக்கர் பண்ணின. தலைவலி எதற்கு என்று மொத்தமாக அணைத்துவிட்டான். மேலாளர் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் சார்" என்பான். இப்போது போடுவதென்றால் மாடி மாடியாக ஒவ்வொரு கருவியையும் பார்த்தாக வேண்டும். இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். கணக்காளரும் கேட்பார், சிரித்துக்கொண்டே.

கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் கோப்புகள் புழங்கும் இடம் என்பதால், அங்கே கைப்பேசியைக் கீழ்த்தளத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேலே வரவேண்டும். முதலில் கொஞ்ச நாள் டீ நேரத்தில் படியிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அப்புறம் ஒருநாள் யாரோ கூப்பிட்டார்கள், போக முடியவில்லை. அப்புறம் ஒருநாள் மழை, முழங்கால் வலி.

டீ நேரம் முடிந்ததும் மேஜைத் தொலைபேசியில் மனைவி கூப்பிடுவாள். "அப்பாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தூங்குறார்."

முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. அவளிடம் போய், என் வீட்டுக்கே என்னால் போய்ச் சேர முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். ஹவுஸ்ஃபுல்லா என்று கேட்பதை மாமனார் எப்போது நிறுத்தினார் என்பதை அவன் கவனிக்கவில்லை.

அன்றைக்கும் தொலைபேசி அடித்தது. அவன் கையில் பாதி டீ. எதிரில் ஒருவர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா?"

"ம், பாத்தேன். நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறார்."

போர்வையை யாரும் கேட்கவில்லை. அது தானாக வந்தது.

மதியம் மறுபடி அடித்தது. அவள் அழவில்லை. "அப்பா கீழ கிடக்கார். வாங்க" என்றாள்.

குவளை எட்டவில்லை என்று எம்பியிருக்கிறார். அந்த நல்ல கையை ஊன்றியே விழுந்திருந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. உடுத்தியிருந்த துணி நனைந்து, காய்ந்தும் போயிருந்தது. மகள் கேட்கக் கேட்க, "இப்பத்தாம்மா விழுந்தேன். நீ கதவைத் திறக்கற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கப் பாத்தேன்" என்று குழறினார். ரத்தம் எடுக்கிறவளுக்கு ஈரம் காய எவ்வளவு நேரமாகும் என்று தெரியாதா? துணியை மாற்றினாள்.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்று மாலை அவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு கட்டிலோரம் உட்கார்ந்தான். இரண்டு கையும் இல்லாமல் மாமனார் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். நாலு கரண்டி உள்ளே போனது. பிறகு கண்ணை அலமாரி மேலே ஓட்டினார்.

"காலைக் காட்சிக்கு ஆளே இல்ல மாப்ளே."

அவன் கரண்டி நின்றது.

"தரையில கிடந்துக்கிட்டு அந்த லைட்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப எரியும், இப்ப எரியும்னு." மூச்சு வாங்கினார். "ரொம்ப நாளாவே எரியல இல்ல?"

"மாமா..."

"அவகிட்ட நான் சொல்லல. ஊட்டுங்க, ஆறிடும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அடுத்த கரண்டி அவர் தாடையில் வழிந்தது. துண்டின் நுனியால் துடைத்துவிட்டான். அவர் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை, தாடையைத்தான் பார்த்தான்.

மறுநாள் மேலாளரின் அறைக்குப் போய், அந்த வேலையைத் தானேதான் தட்டிக் கழித்ததாகச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "செய்யுங்க" என்றார். மாடி மாடியாக ஏறினான். பிரிண்டர்கள் மக்கர் பண்ணின, ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். கணக்காளர், "என்ன சிக்னல், திடீர்னு ஞானோதயம்?" என்றார். அவன் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைத் திறந்தான். வட்டம் ஒருமுறை சுற்றி நின்றது. கட்டில் தெரிந்தது. மாவுக்கட்டோடு மாமனார். விடுப்பில் இருந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்திருக்க வேண்டும். மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். சீப்பை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். மேஜைத் தொலைபேசி அடித்தது.

"பாக்கறீங்களா?"

"பாக்கறேன்."

பொய் சொன்னபோது வந்த அதே குரலில்தான் வந்தது.

"இந்த லைட்டு எரிஞ்சு நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள். "அன்னைக்கு அப்பா போத்திக்கிட்டுத் தூங்குறார்னு சொன்னீங்க."

"ம்."

"போர்வையை நான் காலையிலேயே துவைச்சுக் கொடியில போட்டுட்டுத்தான் போனேன். அப்ப தோணல. நேத்து மடிக்கும்போதுதான் தோணுச்சு."

திரையில் மாமனார் கண்ணை இறுக மூடித் தூங்குவது போலக் கிடந்தார். மோசமான நடிப்பு. வேறு ஏதோ துணியைப் போர்வை என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லலாம். அது நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக அவன் முகத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"பாக்கல" என்றான். "அன்னைக்குப் பாக்கல. அதுக்கு முன்னாடியும் ரொம்ப நாளாப் பாக்கல. இங்கேருந்து வர முடியல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் கைப்பேசியைக் கட்டிலில் போட்டாள். அப்பாவின் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அலமாரி அருகே வந்தாள். அவள் முகம் பெரிதாகி, நெற்றி மட்டுமாகி, பிறகு எல்லாம் இருட்டாயிற்று.

இணைப்பு அறுபடவில்லை. திரையின் மூலையில் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. துண்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"எடுத்துடும்மா. அவரு பாக்கட்டும்" என்றது மாமனாரின் குரல்.

"நீங்க வாயைத் திறங்கப்பா."

கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இதைக் கேட்கவும் தனக்கு உரிமையில்லை என்று பட்டது. இணைப்பை அவனே மூடினான். எழுந்து, கீழே பெட்டியிலிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று படியிறங்கினான்.